ஸ்டாக்ஹோமில் நோன்பு திறந்த நேரம்

ராஸ் அல் கைமா
12 ஏப்ரல் 2025

தங்கச்சி ஷம்சியாவுக்கு லாத்தா ஆபிதா ஸலாம் சொல்லி எழுதறது. அல்லாஹ் கிருபையில இங்கே மவன் ஆரிப், மருமவ ஷஹீரா, பேத்தி நூரைன் எல்லாரும் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கு? காதுக்கு வாங்கின சொட்டு மருந்தை விடுறியா, இல்லே விட்டாலும் கேக்கப்போறதில்லேன்னு மூலையில வச்சிட்டியா? உனக்குக் காது மட்டும் கேட்டிருந்தா போன்லயே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருப்பேன். அஞ்சாங் கிளாஸ் படிச்சவளும் மூணாவதோட நின்னவளும் இந்தக் காலத்துல கடிதம் எழுதிக்கிறோம். இங்கே நம்ம ஊரு ஹசன் அலி தம்பியோட பலசரக்குக் கடை இருக்கறதால ஆச்சு. இங்கேயிருந்து யார் தொண்டிக்கு லீவுல போனாலும், அவங்க பையில நம்ம கடிதத்தையும் சொருகி அனுப்பிடறார்.

இப்போ விசயத்துக்கு வர்றேன். போன கடிதத்துல நீ என்ன எழுதினே? "மவன் வீட்டுல நீ காவக்காரி. இங்கே மாடியில உன் மேல வீடு பூட்டிக் கிடக்கு. வந்துடு"ன்னு எழுதினே. நான் பதிலே எழுதலே. கோபந்தான். இப்போ எழுதறேன், கண்ணாடியைத் துடைச்சிப் போட்டுட்டுப் படி.

ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு ஆரிப் எங்களையெல்லாம் ஸ்டாக்ஹோம் கூட்டிட்டுப் போறான். ஸ்வீடன் தேசத்துக்குத் தலைநகரம். துபாய்ல ஒரு டூர்காரன் தமிழ் ஆளுகளாச் சேர்த்து அழைச்சிட்டுப் போறானாம். கூட வர்ற கைடும் தமிழ் ஆளாம், எல்லாத்தையும் நம்ம பாஷையிலேயே விளக்குவாராம். வழவழன்னு ஒரு படப் புத்தகம் குடுத்திருக்கான். ராசாவோட அரண்மனை இருக்கு, குறுகலாப் பழைய சந்துக இருக்கு. ஒரு மரக்கப்பல் இருக்கு ஷம்சியா! முதல் பயணம் கிளம்பின அன்னிக்கே முழுகிப்போச்சாம். முந்நூறு வருசத்துக்கும் மேல கடலடியில கிடந்ததை அப்படியே முழுசாத் தூக்கி ஒரு கட்டடத்துக்குள்ள நிறுத்தி வச்சிருக்கான். தோணி ஓட்டற தண்டலா இருந்த நம்ம வாப்பா இதைப் பார்த்திருந்தா அந்த இடத்தை விட்டு நகர்ந்திருப்பாகளா?

காவக்காரியை யாராவது ஸ்டாக்ஹோமுக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? அதை மட்டும் யோசிச்சி எழுது.

துஆவுடன்,
லாத்தா


தொண்டி
27 ஏப்ரல் 2025

லாத்தாவுக்கு ஷம்சியாவோட ஸலாம். முட்டி இருக்கு, வலியும் இருக்கு. ரெண்டும் என்னை விட்டுப் போறதாத் தெரியலே. நீ சக்கரை மாத்திரையை ஒழுங்காப் போடு.

காவக்காரின்னு எழுதினது தப்புதான். வாபஸ் வாங்கிக்கிட்டேன். அந்த ஊர் பேரு என் வாயில நுழைய மாட்டேங்குது. அதனால "எங்க லாத்தா ராசா ஊருக்குப் போறா"ன்னு தெரு பூராச் சொல்லி வச்சிருக்கேன். எனக்குக் காது கேக்காதா, என் சத்தம் எனக்கே தெரியாது. பள்ளிவாசல்ல இருந்தவங்களுக்கும் கேட்டிருக்கு!

ஒண்ணு கேக்கறேன். அந்தக் கப்பல் என்ன மரம்? தேக்கா? வாப்பாவோட தோணியைக் கரையேத்திக் காய வைக்கறப்போ ஒரு வாசனை வருமே, உப்பும் தாரும் ஊறின மரமும் கலந்து? நீ மூக்கைப் பொத்துவே, நான் கிட்டக்கப் போய் மோந்து பார்ப்பேன். இந்தக் கப்பல்ல அந்த வாசனை இருக்கான்னு எனக்காகப் பார்த்துட்டு வா. அரண்மனையெல்லாம் எனக்கு வேணாம்.

மேல வீட்டைப் போன வாரந்தான் திறந்து கூட்டினேன். மேலேயும் கீழேயும் நான் ஒருத்திதான். சும்மா சொல்றேன், உன்னை வரச் சொல்லலே.

ஷம்சியா


ராஸ் அல் கைமா
11 மே 2025

என் தங்கச்சிக்கு லாத்தாவோட ஸலாம். எல்லாரும் நலம். இங்கே வெயில் இப்பவே மண்டையைப் பொளக்குது. அங்கே போனா குளிருமாம், ஷஹீரா எனக்கு ஒரு கோட் வாங்கித் தந்திருக்கா. போட்டுப் பார்த்தேன். நூரைன் என்னைப் பார்த்துட்டு "வாப்பும்மா, பெங்குவின்!"னு சொல்லிச் சிரிக்கறா. அந்த ஊர்ல நன்றிக்கு "தாக்"குன்னு சொல்லணுமாம். சொல்லிக் குடுத்திருக்கா. நானும் நாத்தூர்கிட்டச் சொல்லிப் பழகறேன். நாத்தூர்னா எங்க கட்டடத்துக் காவக்காரர், வங்காளத்துப் புள்ளை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. "தாக்"குன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியாது, சிரிச்சுக்குவோம்.

வீசாவுக்காக துபாய் போனோம். அங்கே மிஷின்ல விரலை வைக்கச் சொன்னாங்க. வச்சேன், ரேகை விழலே. துடைச்சிட்டு வைன்னா அந்தப் பொண்ணு. அப்பவும் விழலே. என்னமோ தைலம் தடவிப் பார்த்தா. எங்கேருந்து விழும்? கல்யாணம் ஆகற வரைக்கும் ஓலைப்பாய் முடைஞ்ச விரல், ரேகையெல்லாம் அந்தப் பாயிலேயே போயிருக்கும். இன்னொரு நாள் வரணும்னா. ஷஹீராவுக்கு ஆஸ்பத்திரியில டூட்டி, மணியைப் பார்த்துக்கிட்டே நின்னா. ஆரிப்தான் "வந்துரும் உம்மா, வந்துரும்"னான். என் மவன் சொன்னா வரும்.

கப்பல் வாசனையைக் கட்டாயம் பார்த்துட்டு வர்றேன். உன் மூக்குக்கு வேறே வேலையே கிடையாது.

லாத்தா


தொண்டி
22 மே 2025

லாத்தாவுக்கு ஸலாம். நான் சுகம். முதல்ல இதுக்குப் பதில் எழுது. விரல் விழுந்துச்சா? வீசா வந்துச்சா?

ரெண்டாவது, பெருநாளுக்கு முந்தின நாள் அரஃபா நோன்பு உன் பயணத்துல வருது. சின்னப் பிள்ளையில உம்மா பிடிக்க வச்சதுலேருந்து நீயும் நானும் அதை விட்டதே இல்லே. ஆனா பயணத்துல இருக்கறவங்க விடலாம்னு ஆலிம்சா சொல்றார். தெரியாத ஊர், கூட்டத்தோட நடக்கணும், மயங்கி விழுந்து வைக்காதே. நான் சொல்லி நீ கேக்கவா போறே.

போறதுக்கு முன்னாடி ரெண்டு வரியாவது எழுதிப் போடு.

ஷம்சியா


ராஸ் அல் கைமா
3 ஜூன் 2025

ஷம்சியாவுக்கு ஸலாம். எல்லாரும் நலம்.

வீடு பூரா ஒரே அமளி. நாளைக்குப் பயணம். கூடத்துல பெட்டி மூணு நிக்குது, ஆரிப்போடது, ஷஹீராவோடது, நூரைனோடது. துணி மடிக்கற வேலையெல்லாம் என் தலையிலதான். ஷஹீராவுக்கு ஒழுங்கா மடிக்கத் தெரியாது. எனக்குத் தனியாப் பெட்டி எதுக்கு, என்னோடது இருக்கறதுல அடங்கிடும்.

வழியில சாப்பிட மாசிக் கருவாடு வறுத்து வைக்கணும். நிறைய எழுத நேரமில்லே.

லாத்தா


ராஸ் அல் கைமா
12 ஜூன் 2025

பிரியமுள்ள தங்கச்சிக்கு லாத்தாவோட ஸலாமும் பெருநாள் துஆவும். உன் வீட்டுல குர்பானிக் கறி எல்லாருக்கும் பங்கு வச்சியா? உனக்கு ஒரு துண்டாவது எடுத்துக்கிட்டியா?

போயிட்டு வந்துட்டோம். என்னத்தைச் சொல்ல! ஊரே தண்ணி மேலதான் நிக்குது. தீவு தீவா இருக்கு, நடுவுல பாலம். வீடுகளுக்கு மஞ்சளும் காவியுமாச் சாயம் அடிச்சிருக்கான். பழைய ஊர்ச் சந்துல ரெண்டு பேர் எதிரும் புதிருமா வந்தா ஒருத்தர் சுவத்தோட ஒட்டி நிக்கணும். கைடு ஒரு குடையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு முன்னாலே போறார், கூட்டம் பின்னாலே போகுது. அரண்மனை வாசல்ல சிப்பாய்க ஆள் மாத்தற சடங்கு நடக்குது, கொட்டும் குழலும் முழங்குது. சீமானுக எல்லாம் விருந்து சாப்பிடற ஒரு மண்டபம், சுவரு பூராத் தங்கம் பதிச்சிருக்கு.

நோன்பு கேட்டியே. விடலே. அங்கேயும் பிடிச்சேன். பாங்குச் சத்தம் கேக்காத ஊரு, ஆரிப்தான் போனைப் பார்த்துட்டு "உம்மா, நேரமாச்சு"ன்னான். ஏழு மணி தாண்டியிருக்கும். பேரீச்சம்பழத்தை வாயில போட்டுத் தண்ணி குடிச்சேன். ஜன்னலுக்கு வெளியே இருட்டி, ஊர் பூரா விளக்கு ஏத்திட்டான். தண்ணியில அத்தனை விளக்கும் ஆடுது. நூரைன் என் மடியிலேயே உக்காந்திருந்தா. பெருநாளன்னிக்குக் காலையில எல்லாரும் சேர்ந்து நின்னு தொழுதோம். போன இடத்துல எல்லாம் ஆரிப் என் கையை விடவே இல்லே.

கப்பலும் பார்த்தேன். ரொம்பப் பெருசு.

இதைத் தெருவுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு.

லாத்தா


தொண்டி
24 ஜூன் 2025

லாத்தாவுக்கு உன் தங்கச்சி ஆயிரம் ஸலாம். உனக்கு ஆயுசு கெட்டி, நல்லபடியாப் போயிட்டு வந்துட்டே.

உன் கடிதத்தைப் பெருநாள் பலகாரம் மாதிரி வீடு வீடாக் கொண்டு போனேன். ஆலிம்சா வீட்டுல ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாக. நூரைன் மடியில உக்காந்திருந்த இடத்தை மட்டும் நானாவே மூணாந்தடவையும் வாசிச்சேன். அந்தப் பிள்ளை உன்கிட்ட ஒட்டாம, எப்பப் பார்த்தாலும் இங்கிலீசுலேயே பேசிக்கிட்டுத் திரியறான்னு நீ முன்னே எழுதினே. இப்போ மடியில வந்து உக்கார்றாளா! அல்ஹம்துலில்லாஹ்.

ஆனா ஒரு குறை. கப்பல் பெருசுன்னு எழுதியிருக்கே. பெருசுன்னு நானும் சொல்லுவேன், பார்க்காமலே! மரம் என்ன மரம்? வாசனை அடிச்சுதா?

நூரைன் அந்த ஊரைப் பத்தி என்ன சொல்றா? பிள்ளைக கண்ணுக்கு நாம பார்க்காததெல்லாம் தெரியும். அவ சொன்னதையும் எழுது.

ஷம்சியா


ராஸ் அல் கைமா
8 ஜூலை 2025

ஷம்சியாவுக்கு ஸலாம். இங்கே சுகம். வெளியே தலை காட்ட முடியலே, அப்படி வெயில். ஏசி ஓடறதால ஜன்னலைத் திறக்கறதில்லே.

கப்பல்ல வாசனை ஒண்ணும் தெரியலே. கண்ணாடிக்குள்ள வச்சிருக்கான்.

நூரைனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. பிள்ளை என்னத்தைச் சொல்லுவா, எந்நேரமும் அந்தக் கம்ப்யூட்டர் பலகையில விரலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. ஷஹீராவுக்கு டூட்டி மாறிடுச்சு. ஆரிப்புக்கு டைல்ஸ் கம்பெனியில வேலை ஜாஸ்தி. வீட்டுல நான் இருக்கறதால அவங்க நிம்மதியாப் போயிட்டு வர்றாங்க.

நீ மருந்து விடு. போனதைப் பத்தித்தான் எழுதியாச்சே, இன்னும் என்ன?

லாத்தா


தொண்டி
19 ஆகஸ்ட் 2025

என் லாத்தாவுக்கு ஷம்சியா ஸலாம் சொல்லி எழுதறது. பதில் போட நாளாயிடுச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லே. பேனாவை எடுப்பேன், வச்சிடுவேன்.

நம்ம தெரு மைமூன் மவன் சாகிர் லீவுல வந்திருக்கான். வடக்கே குளிர்தேசத்துல சரக்குக் கப்பல்ல இருக்கானே, அவன்தான். நானும் பெருமையா உன் கடிதத்தை எடுத்து வாசிச்சேன். நோன்பு திறந்த இடம் வந்துச்சு, அவன் சிரிச்சான். எதுக்குடா சிரிக்கறேன்னேன். எனக்குத்தான் கேக்காதே, ஒரு தாளை எடுத்து எழுதிக் காமிச்சான். "பெரியம்மா, ஜூன் மாசம் அங்கே பொழுது சாயறதே பத்து மணிக்கு. சாய்ஞ்சாலும் முழுசா இருட்டாது. ஏழு மணிக்கு நம்ம ஊர் நாலு மணி மாதிரி வெயிலடிக்கும்."

சுத்தி நாலு பேர் இருந்தாக. "லாத்தாவுக்கு வயசாச்சு, மணி பார்க்கறதுல தடுமாறுவா"ன்னு சொல்லிட்டு அந்தத் தாளை அடுப்புல போட்டுட்டேன். தெருவுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. சாகிர் நல்ல பிள்ளை, ஆமான்னு தலையாட்டிட்டான்.

அப்புறம் உன் பழைய கடிதத்தையெல்லாம் எடுத்து விரிச்சேன். விரல் விழுந்துச்சான்னு கேட்டேன், நீ பதிலே எழுதலே. பெட்டி மூணுன்னு எழுதியிருந்தே. நான்தான் படிக்கத் தெரியாத மாதிரி படிச்சிருக்கேன்.

லாத்தா, நீ போகலேங்கறதுல எனக்கு வருத்தமில்லே. மிஷினுக்கு உன் விரல் பிடிக்கலேன்னா நீ என்ன செய்வே? என்கிட்ட மாத்தி எழுதினதும் பெருசில்லே. காவக்காரின்னு முதல்ல எழுதினவளே நான்தான்.

எனக்குப் பொறுக்கலே, அது வேறே. பத்து மணி வரைக்கும் வெயிலடிக்கற ஊருக்குப் போயிட்டு வந்திருக்காங்க மூணு பேரும். வந்ததும் வாசல்லயே சொல்ற அதிசயம் இல்லியா அது? ஒருத்தர்கூட உன்கிட்டச் சொல்லலியா? உன் பேத்திகூடவா "வாப்பும்மா, அங்கே ராத்திரியே வரலே"ன்னு சொல்லலே? அதை யாராவது சொல்லியிருந்தா நீ இருட்டிடுச்சுன்னு எழுதியிருப்பியா?

அந்த ஊரைப் பத்தி இனிமே எனக்கு எழுத வேணாம். அந்தப் பெருநாளுக்கு நீ என்ன சாப்பிட்டே? அதை எழுது.

உன் ஷம்சியா


ராஸ் அல் கைமா
5 செப்டம்பர் 2025

என் தங்கச்சிக்கு லாத்தாவோட ஸலாம். நான் சுகம், மாத்திரை போடறேன்.

என்ன சாப்பிட்டேன்னு கேட்டிருக்கே. எழுதறேன்.

நோன்பன்னிக்குக் கஞ்சி காய்ச்சலே. ஒரு ஆளுக்குக் காய்ச்சினா அது கஞ்சியே இல்லே. பேரீச்சம்பழமும் மோரும் வச்சிக்கிட்டு ஜன்னல்கிட்ட உக்காந்தேன். இங்கே நாலு பக்கமிருந்தும் பாங்கு கேக்கும், முதல்ல கேட்டதுக்குத் திறந்தேன். ஊர் பூரா விளக்கு எரிஞ்சுது. அது நான் பார்த்ததுதான்.

பெருநாளைக்கு வட்டிலப்பம் செஞ்சேன். கை பழக்கம், எட்டு பேருக்கு அளவெடுத்துட்டேன். உம்மா அளவு. கிண்ணத்துல போட்டுக் கீழே கொண்டு போய் நாத்தூருக்குக் குடுத்தேன். அவர் எழுந்திரிச்சு, ரெண்டு கையாலயும் வாங்கி, "ஈத் முபாரக், மாஜி"ன்னார். "தாக்"குன்னேன். சிரிச்சோம். அன்னிக்கு நேருக்கு நேரா எனக்குப் பெருநாள் வாழ்த்துச் சொன்ன ஆள் அவர் ஒருத்தர்தான். மறுபடி மேலே ஏறி வந்து கொஞ்சம் சாப்பிட்டேன். இனிப்புத் தூக்கல்.

ராத்திரி நான் இஷா தொழுது முடிச்சப்புறம் ஆரிப் போன்ல முகம் காட்டினான். அவன் பின்னாலே ஒரே வெயில். தூரதேசமாச்சே, அங்கே இன்னும் மதியம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். "சாப்பிட்டீங்களா உம்மா?"ன்னு கேட்டான். அவனை நீ ஒண்ணும் எழுதிடாதே. விரலுக்காக ரெண்டாந்தரமும் என்னைக் கூட்டிட்டுப் போனவன் அவன். அப்பவும் விழலே, வீசாவும் வரலே. "நாங்களும் போகலே உம்மா"ன்னான். நான்தான் போங்கன்னேன். மீதி வட்டிலப்பத்தை அவங்களுக்காக ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தேன். வந்தப்போ களைப்பு, மறுநாள் டூட்டி. அந்த ஊர்க் கதையை யாரும் வேணும்னே சொல்லாம இருக்கலே ஷம்சியா. நானும் கேக்கலே. கேட்டா, நான் போகாதவள்னு ஆயிடும்ல?

உன் கடிதம் வந்த மறுநாள் நூரைன்கிட்டப் போய் உக்காந்தேன். "ஏம்மா, அங்கே பத்து மணிக்குத்தான் பொழுது சாயுமாமே?"ன்னேன். பலகையைக் கீழே வச்சிட்டு என்னைப் பார்த்தா. "வாப்பும்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னா. "தொண்டியில சொன்னாங்க"ன்னேன். அப்புறம் பாரு, பாதி இங்கிலீசு பாதி தமிழ்னு படுக்கப் போற வரைக்கும் வாய் மூடலே. வெளிச்சத்துல தூக்கமே வரலியாம், திரையை இழுத்து விட்டுட்டு ராத்திரின்னு சொல்லிக்கிட்டாங்களாம். பாதிதான் எனக்குப் புரிஞ்சுது. எல்லாத்துக்கும் தலையாட்டினேன்.

கப்பல் கண்ணாடிக்குள்ள இல்லியாம், சும்மாதான் நிக்குதாம். ஓக்குன்னு ஒரு மரமாம், தேக்கு இல்லே. வாசனை கேட்டேன். யோசிச்சு, "உங்க மரப்பெட்டியைத் திறந்தா வருமே, அது மாதிரி"ன்னா. அந்தப் பெட்டி நம்ம வாப்பாவோட தோணியில இருந்ததுன்னு அவளுக்குத் தெரியாது. எப்போ வந்து அதைத் திறந்து மோந்து பார்த்தாளோ.

ஹசன் அலி தம்பி மீலாது மாசம் கழிஞ்சு ஊருக்கு வர்றாராம். அவர்கூட எனக்கும் டிக்கெட் போடச் சொல்லிட்டேன். "எதுக்கு உம்மா இப்போ?"ன்னான் ஆரிப். "உங்க சாச்சிக்குக் காது கேக்காது, வயசான காலத்துல தனியாக் கிடக்கா, பார்த்துக்க ஆளில்லே"ன்னேன்.

மேல வீட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு வை. தெருவுல கேட்டா நீயும் அதையே சொல்லு, உன்னைப் பார்த்துக்கத்தான் நான் வர்றேன்னு.

லாத்தா